உட்கார ஓர் இடம்



தை பிறந்துவிட்டது. சம்பா அறுப்பு ஒரு பக்கம், முகூர்த்தம் ஒரு பக்கம் என்று டெல்டாவில் யாருக்கும் கை ஓயவில்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் மூட்டைகள் காத்துக் கிடக்கின்றன. கல்யாண மண்டபத்து வாசலில் பிளெக்ஸ் போர்டுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. மார்கழியில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வழக்கம்போல் சமையல் பகுதிக்கானவை. ஒன்று மட்டும் நேராக இந்தப் பக்கத்தின் பெயருக்கே வந்தது.

பட்டுக்கோட்டைப் பக்கத்து வாசகி ஒருவர் எழுதியது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மகளுக்குக் காதணி விழா வைத்திருக்கிறார்கள். நாற்பதடி பேனர், வாண வேடிக்கை, செண்டை மேளம் எல்லாம் வேண்டும் என்று கணவர் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். எதற்கு என்று கேட்டால், "நாலு பேர் பார்க்க வேண்டாமா?" என்பது பதில். "இந்த கௌரவ ஆசைக்கு ஒரு மருந்து சொல்லுங்கள் ஐயா. இரண்டு வார்த்தை திட்டி எழுதினாலும் போதும். வெட்டியெடுத்து அவர் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டிவைக்கிறேன்" என்று முடித்திருக்கிறார்.

ஊதாரித்தனத்தைத் திட்டுவது பத்திரிகைக்காரர்களுக்குக் கைவந்த கலை. எனக்கென்னவோ இந்த முறை வாய் வரவில்லை. நாலு பேர் மதிக்க வேண்டும் என்ற ஆசையைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், தஞ்சாவூர்ச் சீமையில் மிஞ்சுவது வண்டல் மண்ணும் வாய்க்காலும்தான். பெரிய கோயிலே இருந்திருக்காது.

1010-ல் ராஜராஜன் அந்தக் கோயிலைக் கட்டி முடித்தபோது, தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, தன் தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என அத்தனையையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டச் சொன்னான். பொன்னை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதுவரை எழுதியிருக்கிறது. அந்த எடைக்கல்லுக்குப் பெயர் ஆடவல்லான். ராஜாவுக்குப் புகழ் மேல் ஆசை இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கவனிக்க வேண்டியது, அதே கோயிலின் கல்லில் வேறு யார் யார் பெயரெல்லாம் இருக்கிறது என்பது. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவந்த 400 ஆடல் மகளிரின் பெயர், அவர்கள் குடியிருந்த தெரு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். கோயிலின் பெருந்தச்சனான குஞ்சரமல்லனுக்கு 'ராஜராஜப் பெருந்தச்சன்' என்று அரசன் தன் பெயரையே பட்டமாகத் தந்திருக்கிறான். முடிதிருத்துகிறவருக்குக்கூட 'ராஜராஜப் பெருநாவிசன்' என்ற பட்டம் உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு. ஆட்டை வாங்கிக்கொண்டு தினமும் உழக்கு நெய் அளக்க ஒப்புக்கொண்ட இடையர்களின் பெயர்களும் கல்லில் ஏறியிருக்கின்றன.

நெல்லும் பொன்னும் கூலியாகக் கிடைத்தன. கூலி தின்று தீர்ந்துவிடும், பெயர் நிற்கும் என்று ராஜராஜனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த 400 பெண்களில் ஒருத்தியாவது பிராகாரத்தில் நடந்து போகும்போது தன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்திருக்க மாட்டாளா? இது என் கற்பனைதான். ஆனால் மனித சுபாவம் ஆயிரம் வருஷத்தில் அவ்வளவு மாறிவிடவில்லை.

இந்த ஆசையின் இன்னொரு பக்கத்தையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. அதைச் சொல்லாமல் தஞ்சாவூரைப் பற்றி எழுதுவது நியாயமாகாது.

காவிரிப் படுகையில் ஒருவருடைய மதிப்பை வேலிக் கணக்கில் அளந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு வேலி என்பது 20 மா, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். பத்து வேலிக்காரர், நூறு வேலிக்காரர் என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தப் பெரிய பண்ணைகள் நல்லதும் செய்தன. தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியின் பெயரிலேயே கொடுத்தவர்கள் யார் என்று இருக்கிறது. பண்ணைக் குடும்பம் ஒன்று 1956-ல் தொடங்கிய பூண்டி புஷ்பம் கல்லூரி எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரியை உருவாக்கியது. சங்கீதத்தை வளர்த்தவர்களும் அவர்கள்தான். பேருக்காகச் செய்தார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். செய்துவிட்டுப் போகட்டுமே, ஊசி போட்டுக்கொண்ட நோயாளிக்கு அதனால் என்ன குறை?

அந்த மதிப்பைத் தினமும் ஊருக்குக் காட்ட இன்னொரு வழியும் இருந்தது என்பதுதான் சங்கடம். மிராசுதார் திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருப்பார். பண்ணையாள் தெருவோரம் வரும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தோளில் துண்டு கிடந்தால் கக்கத்துக்குப் போக வேண்டும். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, குடை பற்றிப் பேச்சே இல்லை. இதில் ஒன்று பிசகினால் சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால். இவற்றால் மிராசுதாருக்கு ஒரு மரக்கால் நெல்கூட அதிகம் விளையப் போவதில்லை. எதிரில் இருப்பவன் நிற்கிறான் என்பதைப் பார்த்தால்தான் தான் உட்கார்ந்திருப்பது உறைக்கும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் காங்கிரஸ் மாநாடு ஒன்று நடந்தது. எல்லோருக்கும் சமபந்தி என்றார்கள். பேச்சை நம்பித் தாழ்த்தப்பட்ட தோழர்கள் சிலர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காக அவர்களைப் பிடித்துக் கட்டி வைத்து அடித்து, மொட்டையடித்து, சாணிப்பாலைக் குடிக்கவைத்தார்கள். 'விடுதலை' ஏடு எழுதித்தான் வெளியூருக்குத் தெரிந்தது. அவர்கள் செய்த குற்றம் என்னவென்று பாருங்கள்: இலை போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தது.

1940-களில் தென் கன்னடத்திலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் இந்த வயல்வெளிகளில் நடந்து நடந்து பண்ணையாட்களுக்குச் சங்கம் கட்டினார். சாணிப்பாலும் சவுக்கடியும் இனிக் கிடையாது என்ற முடிவு 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தமாக எழுதப்பட்டது. 1952-ல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கெல்லாம் பிறகுதான், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலியில் நெல் கூடக் கேட்டது ஒரு காரணம். செங்கொடியை இறக்க மறுத்தது அதைவிடப் பெரிய காரணம். 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் மிராசுதார்களை விடுவித்தபோது, இவர்கள் எல்லாம் பெரும் நிலக்காரர்கள், ஒருவரிடம் காரே இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற பொருள்பட எழுதியது. அந்தஸ்தே சாட்சியாகக் கூண்டில் ஏறி விடுதலை வாங்கித் தந்த வழக்கு அது. வேறெங்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று சட்டம் படித்த வாசகர்கள் எழுதுங்கள்.

மதிப்பு என்பது ஏழைக்கும் வேண்டிய பொருள்தான். பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு சட்டையைப் பற்றிப் பேசுகிறார். உயிர் வாழ லினன் சட்டை அவசியமில்லை. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் அது இல்லாமல் சௌகரியமாகத்தான் இருந்தார்கள். ஆனால் தம் காலத்தில் ஒரு கூலித் தொழிலாளி அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வரக் கூசுவான், ஆகவே அதையும் அத்தியாவசியப் பொருளாகவே கணக்கில் வைக்க வேண்டும் என்கிறார். ஸ்காட்லாந்துக்காரருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு நம் தெருக்களில் துண்டாக இருந்தது. விலை என்று பார்த்தால் அந்தத் துண்டு சில அணாக்கள்தான். அதற்காக நடந்த சண்டையைப் பார்த்தால்தான் அதன் பெறுமானம் தெரியும்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு வருகிறார். தோளில் துண்டு. வியர்வையைத் துடைக்கத்தான் போட்டிருக்கிறார். அதை எடுத்து இடுப்பில் கட்டச் சொல்லி அங்கிருந்தவர்கள் அதட்டினார்கள். அந்த ஊரில் அப்போது பெரியாரும் அவர் இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரியும் இருந்தார்கள். துண்டை எடுக்காதே, வாசி என்று அழகிரி கலைஞரின் பக்கம் போய் நின்றார். பெரும் கலாட்டாவுக்குப் பிறகு துண்டு தோளிலேயே இருந்தது.

இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பார்த்தால்தான் அந்த மனிதர் புரிவார். 1898-ல் திருமருகலில் பிறந்தவர். அவர் தலையெடுத்த காலத்தில் நாதஸ்வரக் கலைஞர் சட்டை போடக் கூடாது, குடுமி வைத்திருக்க வேண்டும், நின்றோ நடந்தோதான் வாசிக்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடும் அதே கல்யாணத்தில், அதே ராகத்தை வாசிக்கும் இவர் வாசலில் நிற்க வேண்டும். ராஜரத்தினம் குடுமியை எடுத்தார், கிராப்பு வைத்தார். ஷெர்வானி போட்டார். காதில் வைரக் கடுக்கன், விரல் நிறைய மோதிரம், போக வர கார். மேடை போட்டு உட்காரவைத்தால் வாசிக்கிறேன் என்றார். பாட்டு வித்வானுக்குப் பேசும் தொகைக்குக் குறைந்து தனக்குப் பேசினால் எழுந்து போய்விடுவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்வார்கள். பட்டங்கள் வந்தன, வராதவற்றைத் தானே சூட்டிக்கொள்ளவும் தயங்கவில்லை. பந்தா என்றால் அப்படி ஒரு பந்தா.

அகம்பாவம் பிடித்தவர் என்று அன்றைக்கே பேசினார்கள். பேசியவர்களில் பெரும்பாலோர் பிறக்கும்போதே உட்கார இடம் கிடைத்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த அகம்பாவம் சங்கீதத்தில் என்ன செய்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சாமி புறப்பாட்டின் கூடவே நடந்து வாசிக்கும்போது கேட்கிறவர்கள் வருவார்கள், போவார்கள். கோபுர வாசலில் மல்லாரி கேட்டவர் மேல வீதியில் இருக்க மாட்டார். வாசிப்பவர் மேடையில் உட்கார்ந்தால்தான் கேட்பவரும் எதிரில் உட்காருவார். ராத்திரி வீதியுலாவில் மணிக்கணக்கில் விரியும் ராகத்தை முதல் பிடியிலிருந்து கடைசிவரை ஒரே ஆள் இருந்து கேட்கும் நிலை அப்போதுதான் வந்தது. அவருடைய தோடி இசைத்தட்டாகி ஊர் ஊராகப் போனதும், இன்றைக்கும் தோடி என்றவுடன் அவர் பெயர் வாயில் வருவதும் சும்மா வந்த பெருமை இல்லை.

மேடைக்கு ஏறியபின் கருவியும் மாற வேண்டியிருந்தது. பழைய திமிரி நாதஸ்வரம் குட்டையானது, சுருதி உச்சம். நான்கு வீதிக்கும் கேட்கத்தான் அதைச் செய்தார்கள். சபா மண்டபத்துக்குள் மைக் முன்னால் அது காதைக் குத்தும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி, நீளம் கூட்டி சுருதி தணித்துப் பாரி நாதஸ்வரத்தைக் கடைந்து கொடுத்தார். ஆச்சா மரம், அதுவும் இடித்த பழைய வீடுகளின் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து நன்றாக உலர்ந்த மரம். அதற்கேற்ற சீவாளிக்கு வேண்டிய தட்டை காவிரிக் கரையிலேயே விளைகிறது. இன்று மேடையில் நாம் பார்க்கும் நீளமான நாதஸ்வரம் இப்படிப் பிறந்ததுதான். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தனக்கு உட்கார மேடை வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்ததில் ஒரு வாத்தியமே வளர்ந்துவிட்டது.

1947-ல் நாடு விடுதலை பெற்ற கொண்டாட்டத்தில் டெல்லியில் அவருடைய நாதஸ்வரம் ஒலித்தது. 1956 டிசம்பரில் சென்னையில் காலமானார். சம்பாதித்தது எதுவும் கையில் நிற்கவில்லை. சேமிக்கத் தெரியவில்லை என்று அவரைக் குறை சொல்வோரும் உண்டு; நான் அந்தக் கட்சியில் இல்லை. தினம் தினம் தன் மதிப்பைப் பத்துப் பேருக்குக் காட்டியே ஆக வேண்டிய நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அதற்குச் செலவழித்தாயே என்று கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

ஒரு முள்ளையும் சொல்லிவிடுகிறேன். மேடை கிடைத்த இசை வேளாளக் கலைஞர்கள், அதே நாதஸ்வரத்தை அதே தரத்தில் வாசித்த மருத்துவர் சமூகத்துக் கலைஞர்களைப் பக்கத்தில் உட்காரவைக்கத் தயங்கிய கதைகள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. தப்பு அடிக்கிறவருக்கு இரண்டு பேருமே இடம் கொடுக்கவில்லை. நிற்கவைக்கப்பட்டவர் உட்கார்ந்ததும் முதல் காரியமாக அடுத்தவரை நிற்கவைப்பார் என்றால் மிராசுதாரின் திண்ணை எங்கும் போய்விடவில்லை என்று அர்த்தம்.

திருவையாற்றில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. இந்தத் தையிலும் பகுள பஞ்சமிக்குக் காவிரிக் கரையில் பஞ்சரத்தினம் கேட்கப் போகிறீர்கள். அங்கே உள்ள தியாகராஜர் சமாதி ஒரு காலத்தில் சிதிலமாகக் கிடந்தது. ஆராதனை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து யாருக்கு முதலிடம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். தன் சொத்தையும் நகையையும் செலவழித்து அங்கே கோயில் கட்டி 1920-களில் குடமுழுக்கு செய்தார். கட்டிய பிறகும், பெண் என்பதால் அங்கே பாட அவருக்கு இடமில்லை என்றார்கள். அவர் தனியாகப் பெண்கள் கட்சி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வந்து பாடினார். 1940-41 வாக்கில் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின, பெண்களும் பாடினார்கள். தனக்குக் கேட்ட இடத்தைத் தனக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை. 1952-ல் காலமான அவருடைய சமாதி தியாகராஜரைப் பார்த்தபடி அதே கரையில் இருக்கிறது. இந்த முறை போகிறவர்கள் அங்கேயும் ஒரு நிமிஷம் நின்று வாருங்கள்.

பழைய கதைகள் போதும். இன்றைக்கு இந்த ஆசை எங்கே குடியிருக்கிறது?

வேலிக் கணக்கு போயே போய்விட்டது. 1961-ல் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வந்த உச்சவரம்பு, 1970-ல் 15 ஆனது. நிலத்தோடு நிலத்தின் மதிப்பும் இறங்கியது. இப்போது பெண் பார்க்கப் போகும் வீட்டில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

"மாப்பிள்ளை என்ன பண்றாப்ல?"

"சொந்தமா பத்து ஏக்கர் பாக்குறாப்ல. ஆத்துப் பாசனம்."

"சரிதான்... காப்பி சாப்பிடுங்க."

அதோடு கதை முடிந்தது. சென்னையில் இருபதாயிரம் சம்பளத்துக்கு ஒண்டுக் குடித்தனம் இருக்கும் பையனுக்கு அதே வீட்டில் ஜாதகம் பொருந்திவிடும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா, திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று வருஷா வருஷம் வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவனைவிட ஒன்றாம் தேதி சம்பளக்காரன் மேல் என்று பெண்ணைப் பெற்றவர் நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். மண்ணுக்கு மரியாதை கிடைத்தது. உழுகிறவனுக்கு இன்னும் வரன் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வயதில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கும் எத்தனை பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறி சமைத்து, வாசலில் மேசை மேசையாக நோட்டு வைத்து எழுதுவார்கள். பணம் எண்ணும் எந்திரம்கூட வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் இதை ஆடம்பரம் என்று சிரிப்பார்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜாமீன் இல்லை, பத்திரம் இல்லை, வட்டி இல்லை. வாங்கியவர் சில வருஷத்தில் அவரவர் விசேஷத்தில் கொஞ்சம் கூட்டியே திருப்பிச் செய்கிறார். செய்யாவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது. கௌரவத்தையே அடமானமாக வைத்து ஒரு வட்டாரம் கடை வைத்திருக்கிறது, ஆழ்குழாய் போட்டிருக்கிறது, பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறது. இதில் கைமீறிக் கடனாளியானவர்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் இந்த ஆசை மட்டும் இல்லாதிருந்தால் அவர்களில் பலர் மீட்டர் வட்டிக்காரரிடம்தான் போய் நின்றிருப்பார்கள்.

பேனர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, வண்டியில் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண்ணின் உயிர் போயிற்று. சாலையில் வைக்கும் எந்தப் பேனருக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

இனிமேல் அந்த வாசகிக்கு.

சகோதரி, உங்கள் கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் மாமனார் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர், கடைசிவரை சட்டை போட்டுப் பழகவில்லை என்று. செலவுக்கணக்கை இரண்டு பக்கம் எழுதிய நீங்கள் அதை ஏன் ஓரத்தில் எழுதினீர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் நாற்பதடி கேட்பது பக்கத்து வீட்டாரைப் பார்த்தா, தன் அப்பாவை நினைத்தா என்று ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள். அப்பாவை நினைத்து என்றால், பேனரை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பேத்தியின் அழைப்பிதழில் தாத்தாவின் பெயரை முதலில், பெரிதாகப் போடுங்கள். அவர் படத்தை மண்டப வாசலில் மாலை போட்டு வையுங்கள். மிச்சப் பணத்தைக் குழந்தையின் பெயரில் போட்டுவையுங்கள். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். சுவரில் ஒட்ட இது தோதுப்படுமா என்று தெரியவில்லை.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றைய மண்டபங்களைக் கவனித்திருப்பீர்கள். மேடையில் மணமக்களைச் சுற்றிக் கேமராக்காரர்கள். நாதஸ்வரமும் தவிலும் ஓரமாக, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால். யாரோ ஒருவர் ஆள்காட்டி விரலை ஆட்டியதும் கெட்டி மேளம். தாலி கட்டியானதும் அவர்களை எல்லோரும் மறந்துபோவார்கள். பேசிய தொகைக்கு மூன்று பேரைத் தேடி அலைவார்கள், கடைசிப் பந்தியில் சாப்பிடுவார்கள். ராஜரத்தினம் சண்டை போட்டு வாங்கிய மேடை இப்படி மூலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தப்பு அடிக்கிறவர்களுக்கோ இன்றும் வாசல்தான்.

இந்தத் தையில் உங்கள் வீட்டில் விசேஷம் இருந்தால் கலைஞர்களுக்கு எல்லோரும் பார்க்கும்படி நடுவில் இடம் போடுங்கள். முதல் பந்தியில் இலை போடுங்கள். பேசிய தொகையைத் தாலி கட்டுவதற்கு முன்பே வெற்றிலை பாக்கோடு கையில் கொடுத்துவிடுங்கள். அழைப்பிதழில் அவர்கள் பெயரை அச்சிடும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

உங்கள் ஊரில் நாதஸ்வரம், தவில், தப்பு வாசிக்கும் கலைஞர்களின் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எத்தனை வருஷமாக வாசிக்கிறார் என்ற விவரங்களை அவர்கள் சம்மதத்தோடும் ஒரு படத்தோடும் மாசி முடிவதற்குள் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். சித்திரை இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். போதாவிட்டால் நான்காக்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்